பெட்டியில் மிச்சமிருக்கும் கை

கோவிந்தாபுரம்,
மாசி மாதம், வெள்ளி இரவு.

மதிப்புக்குரிய மாரப்பன் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் நாச்சம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தேவிகுளத்துக் குளிரில் தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் எலும்பு நீங்கலாக மற்றபடி சுகம். என் எலும்புகள் மட்டும் இதை எழுதும் இந்த நிமிஷம்வரை முழுசாக இருக்கின்றன. வீட்டில் இப்போது எல்லாருக்கும் அதுதான் கவலை.

இந்தக் கடிதம் எழுதுவது யாருக்கும் தெரியாது மாமா. எல்லாரும் தூங்கின பிறகு, என் வலது கையில் கட்டியிருக்கும் மூங்கில் பத்தைகளைப் பல்லால் முடிச்சவிழ்த்து எடுத்துவிட்டு, விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விடிவதற்குள் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். முறியாத கைக்கு எதற்குக் கட்டு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பங்குனியில் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அண்ணன் இரண்டு தரம் எழுதிக் கோட்டை விட்ட பரீட்சை. நானாவது பாஸ் செய்துவிடுவேன் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார். இந்தக் கட்டோடு நான் பேனாவைப் பிடிக்க முடியாது. கட்டை அவிழ்த்தால் கை முறியும் என்கிறாள் அம்மா. இந்த வருஷம் போச்சுன்னா போகட்டும், அடுத்த வருஷம் எதுக்கு, கல்யாணத்தைப் பாக்கலாம் என்கிறார் அப்பா. நீங்கள் வந்தால்தான் எனக்கு வழி.

பாதி உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும், மன்னிக்கவும். ஐப்பசியில் நம் மயிலைக் காளையை விலை பேச உடுமலையிலிருந்து ஒரு தரகர் வந்தார் அல்லவா? காளை சாது என்று அப்பா சொன்னார். தரகர் நம்பவில்லை. உடனே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காளையின் வயிற்றுக்கடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தார். காளை அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை. "பாத்துக்கிட்டீங்களா, கொழந்தையாட்டமுங்க" என்று சொல்லிக்கொண்டே அப்பா பெருமையாக ஓர் அடி பின்னால் வைத்தார், அங்கே வாய்க்கால் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, அவர் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காக்காயெல்லாம் பறந்துபோயின, காளை மட்டும் அப்படியே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் தரகருக்கு முழு நம்பிக்கை வந்து கேட்ட விலைக்கே ஓட்டிக்கொண்டு போனார். அப்புறம் முதலமடையிலிருந்து எலும்புக்குக் கட்டுப் போடும் சங்கையா வந்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு, கால் போனாலும் என் பேச்சு போகவில்லை பார் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்போதுதான் அம்மா பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள், இவர் கால் கூடிவிட்டால் வெள்ளியில் ஒரு கால் வாங்கி உண்டியலில் போடுகிறேன் என்று. கால் கூடிவிட்டது. பொங்கல் லீவுக்கு நீங்களும் வந்தீர்கள், எல்லாருமாகப் பழனிக்குக் கிளம்பினோம், வழியில் பொள்ளாச்சியில் இறங்கி வெள்ளிக் கடைக்குப் போனோம். நடந்ததற்கெல்லாம் அந்தக் கடைதான் காரணம். அம்மா கேட்டது ஒரே ஒரு கால். கடைக்காரர் தனிக் காலுக்குச் சொன்ன விலையைக் கேட்டு அம்மா முகம் சுருங்கியதும், நீங்கள்தான் மாமா முன்னால் வந்து, நாலாக எடுத்தால் எப்படித் தருவீர்கள் என்று கேட்டீர்கள். அவர் சொன்ன விலை தனிக் கால் இரண்டின் விலைகூட இல்லை. இரண்டு கால், இரண்டு கை, சிவப்புக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். "ஊட்டுல நாலு பேரு, ஆளுக்கு ஒண்ணாச்சுங்க அக்கா. வெள்ளி என்ன, வச்சா கெட்டா போகுது?" என்று நீங்கள் சொன்னீர்கள். ஒரு கையில் சுண்டுவிரல் வளைந்திருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று அம்மா தகராறு செய்தாள். இருக்கட்டும் என்று நீங்கள் அதற்கும் விலையைக் குறைத்து வாங்கிக் கொடுத்தீர்கள். பழனிக்குப் போய்ச் சேரும்வரை அம்மா பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் அந்த விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அப்பாவின் காலை உண்டியலில் போட்டோம். மீதி மூன்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுக்களை அட்டாலியில் பத்திரமாக வைத்தாள். மிளகாய், புளி மாதிரி அதையும் வருஷத்துக்கு வாங்கி வைத்துவிட்டோம் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை மாமா.

நீங்கள் தேவிகுளம் போய்ச் சேர்ந்த வாரமே அண்ணன் கால் போனது. கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து, கொஞ்ச தூரம் பஸ்ஸோடு ஓடி, அப்புறம் ஸ்டைலாக நிற்பது செங்கோட்டையன் அண்ணனின் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பஸ் ஏற்கனவே நின்றுவிட்டது. அண்ணன் சினேகிதனோடு பேசிக்கொண்டே வந்ததில் அதைக் கவனிக்கவில்லை. நிற்கிற பஸ்ஸிலிருந்து குதித்து, பஸ் ஓடுகிறது என்ற நினைப்பில் தானும் ஓடி, குறுக்கே போட்டிருந்த செக்போஸ்ட் தடுப்பு மரத்தில் மோதி அதன் மேலேயே புரண்டு அந்தப் பக்கம் விழுந்தான். கேரளாவில் குதித்துத் தமிழ்நாட்டில் காலை ஒடித்தவன் இவன் ஒருத்தன்தான் என்று செக்போஸ்ட் சிப்பாய் அப்பாவிடம் சிரித்தாராம். சங்கையா மறுபடி வந்தார், மறுபடி முட்டை, மறுபடி உளுந்து.

அண்ணனுக்கென்று ஒரு காலை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். சாமி சாமானை நீ தொடாதே என்று சொல்லிவிட்டு, நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி அட்டாலியில் கையை விட்டாள். டப்பா கைக்கு வந்தது, மரக்கால் உருண்டது. விழுகிறபோது டப்பாவை விட்டிருந்தால் ஊன்றிக்கொண்டிருக்கலாம். அம்மா டப்பாவை விடவில்லை. வலது கை மணிக்கட்டில் முறிந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது, "உள்ளார மூணும் இருக்குதான்னு பாரு கண்ணு" என்றாள். இருந்தது. உங்களுக்கு எழுதக்கூடாது, தம்பி லீவு போட்டுவிட்டு ஓடிவருவான், சம்பளம் போய்விடும் என்று அம்மா எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன், அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

அதுவரைக்கும் யாரும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ராசம்மாள் அக்கா ரொட்டியும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு அம்மா கையைப் பார்க்க வந்தாள். அம்மா அவளிடம் அந்த டப்பாவைத் திறந்து காட்டினாள். அண்ணன் கால் ஒரு முடிச்சு, அம்மா கை ஒரு முடிச்சு. மிச்சம் ஒரு கை மட்டும் துணி சுற்றாமல் கிடந்தது, அந்தச் சுண்டுவிரல் வளைந்த கை. விரல் நேராக இருந்த கையை அம்மா தனக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள். ராசம்மாள் அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, நாலு வாங்குனீங்க, மூணு பேருக்கு ஆயிருச்சு. அப்ப இது ஆருக்குங்க?" என்றாள். அவ்வளவுதான் மாமா. எழுந்து கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்த என்னை அண்ணன் கட்டிலிலிருந்தே கத்திக் கூப்பிட்டான், அப்பா கைத்தடியை ஊன்றி ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கினார், என் சைக்கிளை எடுத்துக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ராசம்மாள் அக்கா என் சுண்டுவிரலைப் பிடித்து நீட்டிப் பார்த்தாள். என் விரல் நேராகத்தானே இருக்கிறது, அது என் கை இல்லை என்று நான் ஆசையோடு சொன்னேன். முறிந்து கூடினால் வளைந்துவிடும் என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் நான் சும்மா நின்றாலும் யாராவது ஒருவர் என் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு கட்டை மாற்றிக் கட்ட சங்கையா வந்தபோது அப்பா அவரிடம் யோசனை கேட்டார். சங்கையா வெற்றிலையை நன்றாக மென்று முடித்துவிட்டு, "முறிஞ்சதுக்குக் கட்டறதுதானுங்க நம்ம வழக்கம். மொதல்லயே கட்டிப்போட்டா, இது முறிஞ்ச கையின்னு வாரது தாண்டிப் போயிருமுங்க" என்றார். சாமியை ஏமாற்றுவதா என்று அம்மா பதறினாள். நாம் பொய் சொல்லவில்லையே, கட்டுத்தானே போடுகிறோம், முருகன் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. எந்தக் கை என்று அடுத்த சண்டை. வெள்ளிக் கையை எடுத்து அப்பா ஒரு பக்கமாகப் பிடித்து, கட்டைவிரல் இப்படி இருக்கிறது, இது பீச்சாங்கை என்றார். அம்மா வாங்கித் திருப்பிப் பிடித்து, சோத்தாங்கை என்றாள். தகடுதானே மாமா, எப்படித் திருப்பினாலும் கைதான். நான் இடது கை, இடது கை என்று அழுதேன். எழுதுகிற கைதான் முக்கியம், அதை முதலில் காப்பாற்றுவோம் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதைக் காப்பாற்றின அன்றிலிருந்து இன்று ராத்திரிவரை அதனால் ஒரு வரி எழுதவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் வந்து பார்க்கும்போது நான் மெலிந்திருப்பேன் என்று நினைக்க வேண்டாம். பயந்த நேரம் போக மீதி நேரம் நன்றாகத்தான் இருக்கிறது. சாணி அள்ளுவதில்லை, மாவாட்டுவதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு என் கை நிஜமாகவே முறிந்துவிட்டது என்று நினைப்பு. ஆளுக்கொரு ரொட்டியோடு பார்க்க வருகிறார்கள். எப்படி விழுந்தாய் கண்ணு என்று கேட்கிறார்கள். நான் கட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன், ரொம்ப வலி போல என்று அவர்களே சொல்லிக்கொண்டு போகிறார்கள். அப்பாவும் அண்ணனும் அம்மாவும் நானும் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிடுகிறோம். வீட்டில் இவ்வளவு நாள் யாரும் யாரையும் திட்டாமல் இருந்ததில்லை. திட்டினால் எழுந்து போகவோ கையை ஓங்கவோ முழுசாக யாராலும் முடியாது என்பதும் ஒரு காரணம். ராத்திரி கைக்கட்டுக்குள் எறும்பு ஏறுகிறது, உளுந்து வாசனைக்குப் பூனை வந்து கையை நக்குகிறது, அது ஒன்றுதான் தொந்தரவு.

பரீட்சைதான் மாமா. ஹால் டிக்கெட்டை நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் தபால்காரர் சகாயத்திடம் சொல்லி அனுப்பினார். கை முறிந்தவர்கள் சொல்லச்சொல்ல வேறொருவர் எழுதலாமாம், அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமாம். அண்ணன் இந்த யோசனையைக் கேட்டு ரொம்ப உற்சாகமாகி, தானே எழுதுகிறேன் என்றான். அப்படியென்றால் நான் கட்டாயம் பெயில். டாக்டரிடம் போனால் படம் எடுப்பார், படத்தில் என் எலும்பு வெள்ளை வெளேரென்று முழுசாகத் தெரியும், ஊருக்கெல்லாம் விஷயம் போகும், ரொட்டி கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மா அழுகிறாள். வெள்ளிக் கை பழனி உண்டியலில் விழுந்த பிறகுதான் என் கட்டை அவிழ்க்கலாம் என்கிறாள். நேர்ந்தவள் சோத்தாங்கையால்தான் போட வேண்டுமாம். அம்மாவின் கை கூடுவதற்குப் பங்குனி கடைசி ஆகும் என்கிறார் சங்கையா. அதற்குள் பரீட்சை முடிந்துவிடும்.

ஆனால் கூடப் பிறந்தவர் போட்டால் நேர்ந்தவர் போட்டதற்குச் சமம் என்று மாரியம்மன் கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு உயிர் வந்தது. உங்களைத் தவிர அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் யார்? நீங்கள் அடுத்த சனிக்கிழமைக்குள் வந்து, உங்கள் கையால் அந்தக் கையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். எனக்கு உள்ளுக்குள் பயம் இருக்கிறது மாமா, இல்லை என்று சொன்னால் பொய். முறியாத கைக்கு முன்கூட்டியே போட்டால், வாங்கிக்கொண்டாயிற்று, கையைக் கொடு என்று முருகன் கேட்டுவிடுவாரோ என்றுகூட ராத்திரியில் தோன்றுகிறது. இப்போது எழுதும்போதே மணிக்கட்டு வலிக்கிற மாதிரி இருக்கிறது. ரொம்ப நாளாக எழுதாததால் இருக்கலாம். எப்படியானாலும் பரீட்சையை எழுதிவிட்டேன் என்றால் அப்புறம் எது முறிந்தாலும் பரவாயில்லை. நீங்கள் வந்து சொன்னால் அம்மா மறுக்கமாட்டாள்.

மலைப்பாதையில் பார்த்து நடக்கவும், பனியில் காதை மூடிக்கொள்ளவும். தங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காக்க வேண்டுமென்று தினமும் இடது கையால் விபூதி பூசி வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
செ. நாச்சம்மாள்.

பின்குறிப்பு: இது சனிக்கிழமை பகலில், எல்லாருக்கும் எதிரில் உட்கார்ந்து எழுதுவது. இந்தக் கடிதத்தை ரகசியமாகச் சகாயத்திடம் கொடுக்கலாம் என்று காலையில் வேலியோரம் நின்றிருந்தேன். அவர் தந்தியோடு வந்தார். தந்தி என்றதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். இங்கிலீஷில் இருந்ததைச் சகாயம் படிக்கப் போனார், அப்பா அவரைத் தடுத்து, "எங்க புள்ள படிக்குமுங்க, பத்தாவதாக்கும்" என்று வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் கட்டுப் போட்ட கையில் பிடித்துப் படித்தேன். தாங்கள் தேயிலை பாக்டரிப் படியில் வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்று இருந்தது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஊட்டுல அஞ்சு பேருடா சாமி, என்ற தம்பிய எண்ணாம உட்டுட்டனே" என்று அழுதாள். அழுதுகொண்டே டப்பாவை இறக்கச் சொல்லி, அந்தக் கையை எடுத்து மஞ்சள் துணியில் உங்கள் பேர் சொல்லி முடிந்தாள். முடிச்சு விழுந்ததும் அப்பா அரிவாளை எடுத்துவந்து என் கட்டை அறுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை நானே போய்க் கையெழுத்துப் போட்டு ஹால் டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்குக் கை முறிந்ததில் எனக்கு ரொம்ப வருத்தம் மாமா. வருத்தத்தோடேயே கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் இறைத்துவிட்டு, சைக்கிளை இறக்கி மாமரம்வரை போய் வந்தேன்.

ஆகையால் மேலே எழுதியதில் நீங்கள் வர வேண்டும் என்ற இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். நீங்கள் வர வேண்டாம், அப்பாவும் அம்மாவும் நாளைக்கு அங்கே வருகிறார்கள். ஒரு காலில் நொண்டுகிறவரும் ஒரு கையைத் தூக்க முடியாதவளுமாகச் சேர்ந்து ஒரு முழு ஆளாகிவிடுவோம் என்று அப்பா சொல்கிறார். எனக்கு வந்த ரொட்டியில் மீதியிருப்பது நியாயமாக உங்களுடையது, கொடுத்தனுப்புகிறேன். எழுதியதை வீணாக்க மனமில்லாமல் இந்தக் கடிதத்தையும் ஒட்டி அதோடு சேர்த்தே வைக்கிறேன், தபால் தலை மிச்சம். போகிற வழியில் பொள்ளாச்சியில் இறங்கப் போவதில்லை என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறாள். ஆனாலும் ராசம்மாள் அக்காவிடம் அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று விசாரித்தாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டேன். அன்று கடையில் அந்தக் கை வளைந்திருக்கிறது என்று அம்மா தகராறு செய்தபோது, நீங்கள் பிறவியிலேயே கோணலான உங்கள் சுண்டுவிரலை அதன் பக்கத்தில் நீட்டி, இருக்கட்டுங்க அக்கா, என்ற கை மாதிரியே இருக்குது என்று சொல்லிச் சிரித்தீர்கள். அம்மாவுக்கு அது இன்னும் ஞாபகம் வரவில்லை. நான் சொல்லமாட்டேன் மாமா. அம்மா உங்களைப் பார்க்க வரும்போது, நீங்களும் அந்த விரலை மட்டும் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.